ஒளிப்பட இணையதளத்தைக் கைப்பேசிக்கு ஏற்ப மாற்றியமைப்பது எப்படி?

மயிலாப்பூரில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று, மாட வீதியில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “போன வருஷம் எடுத்தியே தம்பி, அந்தப் படம் எங்க?” என்று கேட்டார். பெருமையோடு என் இணையதளத்தின் முகவரியை அவருடைய மகனின் கைப்பேசியில் தட்டிக் கொடுத்தேன். வெள்ளைத் திரை வந்தது. அதன்மேல் ஒரு வட்டம் சுற்றியது. நாயன்மார்களின் பல்லக்குகள் இரண்டு மூன்று எங்களைக் கடந்து போன பிறகும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் சிக்னல் கிடைக்கவில்லை என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சோதித்தபோதுதான் என் முகப்புப் பக்கம் மட்டுமே 38 எம்பி எடையுள்ளது என்பது தெரிந்தது. அகலமான கணினித் திரையின் முன் உட்கார்ந்து, வீட்டின் வைஃபை வேகத்தில், எனக்கு நானே காட்டிக்கொள்வதற்காகக் கட்டிய தளம் அது.

அதைக் கலைத்துக் கட்டியபோது கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இணையப் பக்கங்கள் எழுதப்படும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் உள்ள பக்கத்தைத் திறந்து ஒரு வரியை மாற்றும் துணிவும், உங்கள் படங்களில் பலவற்றை நீக்கும் துணிவும் இருந்தால் போதும். இரண்டாவது துணிவுதான் கடினமானது.

முதலில் அளந்து பாருங்கள்

உங்கள் தளத்தை நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் கைப்பேசியில் சோதிப்பதால் பயன் இல்லை. அதன் உலாவி உங்கள் படங்களை ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும். ஆகவே எல்லாம் வேகமாக வருவது போன்ற மயக்கம் ஏற்படும். வைஃபையை அணைத்துவிட்டு, உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அதையும் வீட்டுச் சோபாவில் செய்யாமல், கடற்கரையிலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலிலோ, மெட்ரோவின் சுரங்க நிலையத்திலோ, தி.நகர் ரங்கநாதன் தெருவின் மாலை நெரிசலிலோ செய்வது நல்லது. உங்கள் படங்களைப் பார்ப்பவர்கள் அப்படிப்பட்ட இடங்களில்தான் பார்க்கிறார்கள். இயன்றால் விலை குறைந்த, மூன்று நான்கு ஆண்டுகள் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றைச் சோதனைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் தேடி வாங்கினாலும் சரி, வீட்டு மேசை இழுப்பறையில் கிடப்பதை எடுத்துச் சார்ஜ் போட்டாலும் சரி.

அடுத்ததாக, கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் தள முகவரியை இட்டு, கைப்பேசிக்கான முடிவைப் பாருங்கள். அதில் மூன்று அளவுகளைக் கவனித்தால் போதும். திரையில் தெரியும் மிகப்பெரிய கூறு, அதாவது நம் விஷயத்தில் முதல் படம், 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும். தொட்டதற்குத் தளம் 200 மில்லிநொடிக்குள் மறுவினை காட்ட வேண்டும். 2024 மார்ச் முதல் பழைய அளவுகோலுக்கு மாற்றாக வந்தது இது. பக்கம் ஏறும்போது எழுத்தும் படமும் இடம் மாறித் துள்ளுவதைக் குறிக்கும் எண் 0.1-க்குள் இருக்க வேண்டும். ஒளிப்படத் தளங்கள் பெரும்பாலும் முதல் அளவிலும் மூன்றாவது அளவிலும்தான் தோற்கின்றன. இவற்றோடு பக்கத்தின் மொத்த எடையையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் இந்த எண்களோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன் தளம் முழுவதையும், தரவுத்தளம் உட்பட, பிரதி எடுத்துக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவன் சொல்கிறேன்.

படங்களை மறுபடியும் தேர்ந்தெடுங்கள்

கைப்பேசிக்கு மாற்றுவது என்றதும் பலரும் புதிய தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் ஆயத்த வார்ப்பு) ஒன்றைத் தேடிப் போகிறார்கள். நான் முதலில் செய்யச் சொல்வது தேர்வைத்தான். ஏனென்றால் திரை சிறுத்தவுடன் படங்களின் மதிப்பே மாறிவிடுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் திரை, உலாவியின் கணக்கில், 360 பிக்சல் அகலமும் ஏறத்தாழ 800 பிக்சல் உயரமும் கொண்டது. மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கிடைவாக்கில் எடுத்த படம் அதில் 360-க்கு 240 என்ற அளவில் அமரும்; திரையின் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது நிரப்பாது. அதே கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுத்த படமோ 360-க்கு 540 என்று நின்று, மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். கணினியில் கம்பீரமாகத் தெரிந்த கிடைவாக்குப் படம் இங்கே தபால்தலை ஆகிறது. அங்கே ஓரமாக ஒடுங்கியிருந்த செங்குத்துப் படம் இங்கே அரசாள்கிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நான் எடுத்த படம் ஒன்றில் எண்பது தொண்ணூறு படகுகள் இருக்கின்றன. ஒரு படகின் மூலையில் ஒருவர் வலையை உதறிக்கொண்டிருக்கிறார். அந்த ஒருவருக்காகத்தான் அந்தப் படம். கைப்பேசியில் அவர் ஒரு புள்ளிகூட இல்லை. அதே காலையில் எடுத்த வேறொரு படத்தில், மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் பெண்ணின் முகமும் கையும் மட்டுமே உண்டு. கணினியில் அதை நான் இரண்டாம் தரமாகக் கருதியிருந்தேன். கைப்பேசியில் தொகுப்பின் முதல் படமாக அதுதான் நிற்கிறது. ஆகவே உங்கள் படங்கள் அனைத்தையும் கைப்பேசிக்கு அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு பாருங்கள். நண்பகலில் மொட்டை மாடிக்குச் சென்று இன்னொரு முறை பாருங்கள். சென்னை வெயிலில் இருள் மிகுந்த படங்கள் கண்ணாடியாகி, உங்கள் முகத்தையே உங்களுக்குக் காட்டும். அத்தகைய படத்தில் நிழல் பகுதியைச் சற்றுத் தூக்கித் தனிப்பிரதி எடுக்கலாம். அல்லது அதைத் தொகுப்பின் நடுவில், வெளிச்சமான இரண்டு படங்களுக்கிடையே வைக்கலாம்.

எண்ணிக்கையிலும் கை வையுங்கள். என் தளத்தில் ‘தெருக்கள்’ என்ற பிரிவில் மட்டும் 214 படங்கள் இருந்தன. கைப்பேசியில் அதை முழுமையாகக் கீழே தள்ளிப் பார்க்கக் கட்டைவிரலுக்குப் பொறுமை கிடையாது. இப்போது 24 இருக்கின்றன. நீக்கியவற்றுள் பத்துக்காவது நான் இன்றும் வருந்துகிறேன். ஆனால் அவை இல்லை என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

வரிசையும் முக்கியம். கணினியில் பல படங்களை ஒரே பார்வையில் கட்டமாகப் பார்க்கிறோம். கைப்பேசியில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக, ஆல்பத்தின் தாள் புரள்வதுபோல வருகின்றன. எனவே எதன் பின் எது வர வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானித்தாக வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: உயரம் மாறுபடும் படங்களைச் செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கும் கேலரிகளில் சில, படங்களை முதல் நெடுவரிசை முழுவதும் நிரப்பிய பிறகே இரண்டாவதற்குச் செல்கின்றன. கணினியில் இடமிருந்து வலமாக நீங்கள் பார்த்த வரிசை, கைப்பேசியில் ஒற்றை நெடுவரிசையாகும்போது வேறாகிவிடும். கைப்பேசியில் வரிசையைச் சரிசெய்துவிட்டுக் கணினிக்குச் செல்வதே சரியான திசை.

கிடைவாக்கில் மிக நீண்ட பனோரமாப் படங்கள் தனித் தலைவலி. இந்தத் தலைவலி புதியதன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைப் பதிவு செய்தபோது, 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அப்படிப்பட்ட படத்தை அகலத்துக்குச் சுருக்கிக் காட்டினால் நூலிழைதான் மிஞ்சும். உயரத்தைத் திரையில் பாதியளவுக்கு நிறுத்திவிட்டு, பார்ப்பவர் விரலால் பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்கும்படி அமைப்பது ஒரு வழி. வலது ஓரத்தில் படம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால், இன்னும் இருக்கிறது என்பதை அவரே புரிந்துகொள்வார். கைப்பேசிக்கெனத் தனியே ஒரு பகுதியை வெட்டித் தருவது மற்றொரு வழி. ஹெச்டிஎம்எல்லில் உள்ள ‘பிக்சர்’ என்ற கூறு, திரையின் அகலத்தைப் பொறுத்து வெவ்வேறு படக்கோப்புகளைக் கொடுக்க இடமளிக்கிறது.

வெட்டுவதானால் நீங்களே வெட்டுங்கள். பல தீம்கள் எல்லாப் படங்களையும் நடுவிலிருந்து சதுரமாக வெட்டிக் காட்டுகின்றன; பரதநாட்டியக் கலைஞரின் தலை போய் இடுப்பும் ஒட்டியாணமும் மட்டும் எஞ்சிய ஒரு முகப்புப் பக்கத்தை நான் கண்டிருக்கிறேன். தீமின் அமைப்பில் சட்டத்தை நிரப்பும் முறையை மாற்றி, முழுப்படமும் சட்டத்துக்குள் அடங்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

எடையைக் குறையுங்கள்

கேமராவிலிருந்து வரும் படம் 6000 பிக்சல் அகலம் இருக்கலாம். கைப்பேசிக்கு அது தேவையே இல்லை. 360 பிக்சல் அகலமுள்ள திரை, உண்மையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று மடங்கு நுண்மையில் ஒளிர்வதாக வைத்துக்கொண்டாலும், 360-ஐ மூன்றால் பெருக்க 1080 பிக்சல்தான் வரும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் 480, 800, 1200, 1600, 2000 பிக்சல் அகலங்களில் தனித்தனிக் கோப்புகளாக்கி வைத்துவிட்டு, எது வேண்டுமோ அதை உலாவியே எடுத்துக்கொள்ளும்படி விடுவதுதான் முறை. இதற்கு இரண்டு பண்புகள் உள்ளன: ‘எஸ்ஆர்சிசெட்’ என்பது என்னென்ன அளவுகள் இருக்கின்றன என்பதை உலாவிக்குச் சொல்லும், ‘சைசஸ்’ என்பது திரையில் அந்தப் படம் எவ்வளவு இடத்தை அடைக்கப்போகிறது என்பதைச் சொல்லும்.

பலர் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். தளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்டுபிரஸ், 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பிலிருந்து இரண்டையும் தானாகவே சேர்க்கிறது என்பது உண்மை. ஆனால் அது சேர்க்கும் ‘சைசஸ்’, படம் திரையின் முழு அகலத்தையும் அடைக்கும் என்ற ஊகத்தில் அமைந்தது. உங்கள் கேலரி கைப்பேசியில் இரண்டு நெடுவரிசையாக இருந்தால், ஒவ்வொரு படத்துக்கும் தேவையானதைப் போல் இரு மடங்கு அகலமுள்ள கோப்பு இறங்கும். பிக்சல் கணக்கில் அது நான்கு மடங்கு. இரண்டு நெடுவரிசை என்றால் ‘திரை அகலத்தில் 50 விழுக்காடு’ என்று திருத்தி எழுதுங்கள். இந்த ஒரு வரித் திருத்தத்தில் என் கேலரிப் பக்கத்தின் எடை பாதிக்கும் கீழே இறங்கியது.

கோப்பின் வகையைப் பொறுத்தவரை, 1992-இல் வந்த ஜேபெக் இன்றும் எங்கும் திறக்கும். கூகுள் 2010-இல் அறிமுகப்படுத்திய வெப்பி அதைவிடச் சிறியது. ஐபோனின் சஃபாரி உலாவி 2020-இல் அதை ஏற்கத் தொடங்கியதால் இப்போது தயங்காமல் பயன்படுத்தலாம். ஏவிஐஎஃப் இன்னும் சிறியது. ஆனால் பழைய கைப்பேசிகளுக்காக ஜேபெக் பிரதியும் உடன் இருக்க வேண்டும். தர அளவை 75 முதல் 82 வரை வைத்து, ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். வானமும் கடலும் உள்ள படம் எளிதில் சுருங்கும். கோயம்பேடு சந்தையின் கூட்டமோ, ஆலமரத்தின் இலைகளோ சுருங்க மறுக்கும். பிலிமில் எடுத்து ஸ்கேன் செய்த படங்களின் துகள்கள் இன்னும் மோசம். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வைப்பது சோம்பேறித்தனம். 1200 பிக்சல் அகலப் படம் ஒன்று 250 கேபியைத் தாண்டினால், ஏன் என்று பார்ப்பது என் வழக்கம்.

நிறத்தில் ஒரு பிசகு அடிக்கடி நேர்கிறது. அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிறவெளியில் (காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு) வேலை செய்பவர்கள் அப்படியே ஏற்றுமதி செய்துவிடுகிறார்கள். பிறகு கோப்பைச் சுருக்கும் பிளக்கின் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்), எடையைக் குறைப்பதாக எண்ணி நிறக்குறிப்பைக் கழற்றிவிடுகிறது. விளைவாக, குங்குமத்தின் சிவப்பும் காஞ்சிபுரம் பட்டின் அரக்கும் துவைத்து வெளுத்த துணிபோல் தெரிகின்றன. ஏற்றுமதியின்போதே இணையத்தின் பொது நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டால், குறிப்பு போனாலும் நிறம் போகாது.

கோப்புக்குள் ஒளிந்திருக்கும் மற்றத் தகவல்களையும் பாருங்கள். காப்புரிமை வரி இருக்கட்டும். ஜிபிஎஸ் இடக்குறிப்பு இருக்கக் கூடாது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் ஒரு பறவை கூடு கட்டியுள்ள இடத்தையோ, ஒரு குழந்தையின் வீட்டு வாசலையோ மீட்டர் கணக்கில் ஊருக்கு அறிவிக்க யாருக்கும் உரிமை இல்லை.

எல்லாப் படங்களும் ஒரே நேரத்தில் இறங்கத் தேவையில்லை. ‘லேஸி லோடிங்’ என்ற பண்பைச் சேர்த்தால், பார்ப்பவர் நெருங்கும்போதுதான் அடுத்த படம் இறங்கும். ஆனால் முதல் படத்துக்கு அதைச் சேர்க்காதீர்கள். அது தாமதமாகும், 2.5 நொடிக் கணக்கும் கெடும். மேலும் ஒவ்வொரு படத்துக்கும் அதன் அகலத்தையும் உயரத்தையும் ஹெச்டிஎம்எல்லில் எழுதிவிடுங்கள். படம் வருமுன்பே உலாவி அதற்கான இடத்தை ஒதுக்கிவைக்கும். படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரெனக் கீழே குதிக்காது.

முகப்பில் தானாக ஓடும் ஸ்லைடர் இருந்தால் எடுத்துவிடுங்கள். என்னுடைய 38 எம்பியில் பெரும்பகுதி அதுதான்: ஒன்பது படங்கள், யாரும் மூன்றாவதைத் தாண்டிப் பார்த்ததில்லை. ஒரே ஒரு நல்ல படம் போதும்.

ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) வாங்கும்போது, கோப்புகள் இருக்கும் கணினியான சர்வர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பார்வையாளர்கள் தமிழ்நாட்டில் இருக்க, படங்கள் அமெரிக்காவிலிருந்து வருவதில் பொருள் இல்லை. மும்பையோ, சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் நேரே செல்லும் சிங்கப்பூரோ போதும்.

விரலுக்கும் வெயிலுக்கும் ஏற்ற அமைப்பு

பக்கத்தின் தலைப்பகுதியில் ‘வியூபோர்ட்’ என்ற மெட்டா வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய தளங்களில் அது இருக்காது. அது இல்லையென்றால் ஐபோன் போன்றவற்றின் உலாவி, பக்கம் 980 பிக்சல் அகலமுள்ளது என்று எடுத்துக்கொண்டு, முழுவதையும் சுருக்கி எறும்பெழுத்தில் காட்டும். பக்கத்தின் அகலம் கருவியின் அகலத்துக்குச் சமம் என்றும், தொடக்கத்தில் பெரிதாக்கம் 1 என்றும் அந்த வரி சொல்ல வேண்டும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பயனர் பெரிதாக்குவதைத் தடுக்கும் சொல்லைச் சிலர் அங்கே சேர்க்கிறார்கள். ஒளிப்படத் தளத்துக்கு வருபவர் இரண்டு விரலால் படத்தை விரித்துப் பார்க்கத்தான் ஆசைப்படுவார். காசிமேட்டில் வலை உதறுபவரைக் காண அவருக்கு இருக்கும் ஒரே வழியும் அதுதான்.

திரைக்கேற்ப மாறும் இத்தகைய வடிவமைப்புக்கு ஈத்தன் மார்க்காட் 2010-இல் பெயர் சூட்டியபோது, கணினிக்கான வடிவத்தைச் சுருக்குவதே பலரின் வழக்கமாக இருந்தது. இப்போது தலைகீழாகச் செய்வதே எளிது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் முதலில் ஒற்றை நெடுவரிசைக் கைப்பேசி வடிவத்தை எழுதுங்கள். பிறகு உலாவிச் சாளரத்தை மெல்ல அகலமாக்கிக்கொண்டே போய், படங்கள் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தோன்றும் இடத்தில் இரண்டாவது நெடுவரிசையைச் சேருங்கள். இந்தக் கைப்பேசிக்கு இவ்வளவு, அந்தக் கைப்பேசிக்கு அவ்வளவு என்று எண்களைப் பட்டியலிட்டுத் துரத்த வேண்டாம். ஆண்டுதோறும் புது அளவு வரும்.

பின்னணி நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒளிப்படக்காரர்களுக்குக் கருப்புப் பின்னணி மீது காதல். இருட்டறையில் அது அழகுதான். மெரினாவின் நண்பகல் வெயிலில் கருப்புத் திரை முகம் பார்க்கும் கண்ணாடி. மங்கலான வெள்ளையும் அடர்சாம்பல் எழுத்தும் வெயிலில் தாங்குகின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான மாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மை விதி. வெளிர்சாம்பலில் நளினமாக எழுதப்பட்ட படக்குறிப்புகள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

சுட்டியைப் படத்தின் மேல் கொண்டுசென்றால் குறிப்பு தோன்றும் வித்தை கைப்பேசியில் செல்லாது, விரல் மிதப்பதில்லை. குறிப்பைப் படத்துக்குக் கீழே நிரந்தரமாக வையுங்கள். மெனுவில் நான்கு பெயர்கள்தான் இருக்கின்றன என்றால், அவற்றை மூன்று கோட்டுப் பொத்தானுக்குள் ஒளிக்காமல் வெளியிலேயே காட்டுங்கள். தொடும் இடம் ஒவ்வொன்றும் ஆப்பிளின் பரிந்துரைப்படி 44, கூகுளின் பரிந்துரைப்படி 48 அலகுக்குக் குறையாத சதுரமாக இருக்கட்டும்.

படத்தைத் தொட்டால் முழுத்திரையில் விரியும் லைட்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தவறாமல் சோதிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் படத்தை மூட மக்கள் தேடுவது மூலையிலுள்ள பெருக்கல் குறியை அல்ல, ‘பின்செல்’ சைகையைத்தான். லைட்பாக்ஸ் அதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், படம் மூடுவதற்குப் பதிலாகத் தளமே மூடிக்கொண்டு, பார்வையாளர் வாட்ஸ்அப்புக்குத் திரும்பிவிடுவார். உலாவியின் வரலாற்றில் லைட்பாக்ஸைத் தனிப்படியாகச் சேர்க்கும் பிளக்கினைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால் லைட்பாக்ஸே வேண்டாம். ஒற்றை நெடுவரிசையில் படம் ஏற்கெனவே முழு அகலத்தில் இருக்கிறது. கைப்பேசியைப் படுக்கவைத்தால் இன்னும் பெரிதாகும்.

படத்தைச் சேமிக்க முடியாதபடி நீண்ட அழுத்தத்தைத் தடுக்கும் நிரலையும் நீக்கிவிடலாம். ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரியாத பள்ளிப் பிள்ளை சென்னையில் இல்லை.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம்

படக்குறிப்புகளைத் தமிழில் எழுதுபவர்கள், ஆங்கிலத்துக்கென அமைந்த தீமின் அளவுகளை அப்படியே விடக் கூடாது. நம் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் கீழே கொக்கியும் உண்டு. வரி இடைவெளி 1.4 இருந்தால் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும். 1.7 வரை தாராளமாக விடுங்கள். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் அலங்காரம் ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு அழகு. தமிழில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும்.

தலைப்புகளில் ‘திருவல்லிக்கேணியிலிருந்து’ போன்ற நீண்ட சொல் பெரிய அளவில் வந்தால், அது திரையைத் தாண்டி ஓடி, பக்கம் முழுவதையும் பக்கவாட்டில் ஆடவைக்கும். உலாவியை எங்கு வேண்டுமானாலும் உடைக்கச் சொன்னால் சொல் கண்ட இடத்தில் முறியும். தலைப்பின் அளவைக் குறைப்பதே தீர்வு. எழுத்துருவை நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவாக, இணையத்துக்கெனச் சுருக்கப்பட்ட வோஃப்2 வடிவில், ஒன்றோ இரண்டோ தடிமனில் மட்டும் ஏற்றுங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் திஸ்கி என்ற பழைய குறியேற்ற முறையில் தட்டச்சு செய்த பக்கங்கள் தளத்தின் மூலையில் கிடந்தால், அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை இப்போதே முடித்துவிடுங்கள். கைப்பேசியில் அவை புரியாத குறிகளாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு படத்துக்கும் ‘ஆல்ட்’ குறிப்பு எழுதுவது பார்வையற்றவர்களுக்கும், படம் இறங்காதபோது எல்லோருக்கும் உதவும். ‘படம் 47’ என்பது குறிப்பாகாது. ‘காசிமேட்டில் மீன் கூடையைத் தலையில் ஏற்றும் பெண், விடியற்காலை’ என்பது குறிப்பு.

தொடர்பும் பகிர்வும்

திருமணப் படமோ, நாடகப் படமோ எடுத்துத் தரச் சொல்லி வருபவர்கள் மின்னஞ்சல் எழுதுவதில்லை, வாட்ஸ்அப்பில்தான் வருகிறார்கள். தொட்டவுடன் வாட்ஸ்அப் உரையாடல் திறக்கும் இணைப்பையும், தொட்டவுடன் அழைக்கும் தொலைபேசி இணைப்பையும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வையுங்கள். சொந்த எண்ணைத் தராமல் தொழிலுக்கெனத் தனி எண் வைத்துக்கொள்வது நிம்மதி. படிவம் வைத்தால் பெயர், எண், செய்தி ஆகிய மூன்று கட்டங்கள் போதும். கட்டத்துக்குள் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தானாகவே பக்கத்தைப் பெரிதாக்கிக் குழப்பும்.

உங்கள் பக்கத்தின் இணைப்பை யாராவது பகிரும்போது, உடன் வரும் சிறுபடம் எது என்பதையும் நீங்களே குறித்துவிட வேண்டும். பகிரும்போது எதைக் காட்டுவது என்று பக்கத்தின் தலைப்பகுதியில் சொல்லும் ‘ஓபன் கிராஃப்’ வரிகளில் 1200-க்கு 630 அளவில் ஒரு படத்தைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால், என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததுபோல், பகிரும்போதெல்லாம் ஹோஸ்டிங் நிறுவனத்தின் முத்திரைதான் தோன்றும்.

மாற்றி ஏற்றும் நாள்

புதிய வடிவத்தை நேரடித் தளத்தின் மேல் கட்டாமல், துணை முகவரி ஒன்றில் கட்டி முடியுங்கள். தேடுபொறிகள் அதைப் பட்டியலிடாதபடி அடைத்து வையுங்கள்; நேரடித் தளத்துக்கு மாற்றும் நாளில் அந்த அடைப்பைத் திறக்க மறக்காதீர்கள். பக்கங்களின் முகவரி மாறியிருந்தால், பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பம் அமைக்க வேண்டும். படங்களை நீக்கிய பக்கங்களுக்கும் இது பொருந்தும். அவற்றை அதே தொகுப்பின் முதல் பக்கத்துக்குத் திருப்பலாம்.

2019 ஜூலை 1 முதல் புதிய தளங்களைக் கூகுள் கைப்பேசி வடிவத்தின் அடிப்படையிலேயே பட்டியலிட்டு வருகிறது. பழைய தளங்களையும் படிப்படியாக அதே முறைக்குக் கொண்டுவந்துவிட்டது. எனவே இடம் போதவில்லை என்று கைப்பேசி வடிவத்தில் படக்குறிப்புகளை எடுத்துவிட்டால், கணினி வடிவத்தில் அவை இருந்தும் தேடலில் கிடைக்கமாட்டா.

ஏற்றிய பிறகு, தாளில் குறித்த பழைய எண்களோடு மீண்டும் ஒப்பிடுங்கள். என் முகப்பு 38 எம்பியிலிருந்து 700 கேபிக்கு வந்தது. அதன்பின், தளத்தை இதற்கு முன் பார்த்திராத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, ‘கோயில் படங்களைக் காட்டுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். எங்கே விரல் தயங்குகிறது என்று கவனியுங்கள். என் பெரியம்மா மூன்று முறை படக்குறிப்பைத் தொட்டுப் பார்த்தார். அது இணைப்பு என்று நினைத்திருக்கிறார். குறிப்பில் இருந்த அடிக்கோட்டை அன்றைக்கே எடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துக் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில், கிடைக்காத பக்கங்களின் பட்டியலைப் பார்த்து, விட்டுப்போன திருப்பங்களைச் சேருங்கள். அதற்குள் புதிய படங்கள் ஏற்றத் தொடங்கியிருப்பீர்கள். அவை பழையபடி 6000 பிக்சலில் உள்ளே நுழையாமல் இருக்க, உங்கள் படத் திருத்த மென்பொருளில் எஸ்ஆர்ஜிபி, 2000 பிக்சல் அகலம், தரம் 80 (தொடக்கமாக; படத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்), இடக்குறிப்பு நீக்கம் ஆகிய நான்கையும் ஒரே ஏற்றுமதி அமைப்பாகச் சேமித்து, அதற்குத் ‘தளத்துக்கு’ என்று பெயரிட்டு, பட்டியலின் முதல் வரியில் வைத்துவிடுங்கள்.